போர்க்கால லாரியின் பின்விளக்கு: அசலை எப்படிக் கண்டுபிடிப்பது?

இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க ராணுவத்துக்காக ஜிஎம்சி சிசிகேடபிள்யூ லாரிகள் 5 லட்சத்துக்கும் மேல் தயாராயின. அப்படி ஒன்றைத் தேடிப் பிடித்துப் புதுப்பிக்க இறங்கினால், அதில் இருக்கும் விளக்குகள் பெரும்பாலும் அதனுடன் பிறந்தவையாக இருக்காது. உடைந்தபோதெல்லாம் கைக்குக் கிடைத்ததை மாட்டி ஓட்டியிருப்பார்கள். வெளித்தோற்றத்தை வைத்து அசலைப் பிரிப்பது கடினம். அந்த விளக்கு என்ன வேலைக்காகச் செய்யப்பட்டது என்று பார்த்தால் பாதிக் குழப்பம் தீரும்.

பின்விளக்கின் கீழ்ப்பாதியில் இருப்பவை, எதிரி கண்ணில் படாமலிருக்க வெளிச்சத்தை மறைத்து ஓட்டும் இருட்டடிப்பு நேரத்துக்கான சின்னஞ்சிறு சிவப்புத் திறப்புகள், இரண்டு ஜோடி. பின்னால் வரும் லாரி 60 அடிக்குள் நெருங்கிவிட்டால் அதன் ஓட்டுநருக்கு நான்கும் தனித்தனியாகத் தெரியும். 60 முதல் 180 அடிவரை ஒவ்வொரு ஜோடியும் ஒரு புள்ளியாகி இரண்டு தெரியும். அதற்கும் அப்பால் எல்லாம் சேர்ந்து ஒரே புள்ளி. இரண்டு புள்ளி தெரியும்படி ஓட்டு என்பதுதான் உத்தரவு. கருவி எதுவும் இல்லாமல், இருட்டில் இடைவெளியை அளக்க இதைவிட எளிய வழி எனக்குத் தெரிந்து இல்லை.

இதன் சூட்சுமம் நம் கண்ணின் வரம்பில் இருக்கிறது. ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்குக்கும் குறைவான கோணத்தில் இரு புள்ளிகள் நெருங்கினால், கண் அவற்றைப் பிரித்துப் பார்க்காது. 60 அடியில் அந்தக் கோணம் சுமார் 5 மில்லிமீட்டர் இடைவெளிக்குச் சமம். 180 அடியில் சுமார் 16 மில்லிமீட்டர். இரவில் பார்வை இன்னும் மங்கும் என்பதால் நிஜத்தில் இடைவெளி இதைவிடக் கூடுதலாக வேண்டும். அளவு பார்க்காமல் வார்த்த நகல் லென்ஸை இருட்டில் பின்னால் நடந்து சோதித்தாலே குட்டு வெளிப்பட்டுவிடும்.

இடது, வலது விளக்குகள் ஒன்றுபோல இருந்தாலும் சந்தேகப்படுங்கள். இடப்புற விளக்கின் மேல்பாதி வழக்கமான சிவப்பு விளக்கும் பிரேக் விளக்கும். வலப்புறத்தில் அந்த இடத்தில் இருட்டடிப்பு நேரத்துக்கான பிரேக் விளக்கு. கீழ்ப்பாதி மட்டும் இரண்டுக்கும் பொது.

அடுத்து மின்சாரம். சிசிகேடபிள்யூ 6 வோல்ட் வண்டி. 1950-களில் வந்த எம்37 போன்ற ராணுவ வண்டிகள் 24 வோல்ட். அவற்றின் விளக்குகளும் பழைய வண்டிகளில் வந்து ஒட்டிக்கொள்வதுண்டு. ஒரே வாட் அளவுள்ள 24 வோல்ட் பல்பின் மின்தடை 6 வோல்ட் பல்பைப்போல ஏறக்குறைய 16 மடங்கு இருக்கும். அதை 6 வோல்ட்டில் மாட்டினால் இழை சிவந்து கிடக்குமே தவிர வெளிச்சம் தராது. இன்னொரு துப்பு: போர்க்காலப் பின்விளக்கில் பல்பு தனியே கழன்று வராது. பல்பும் லென்ஸும் சேர்த்து மூடிய முழு அலகாகத்தான் மாற்றுவார்கள். மூடியைக் கழற்றியதும் சாதாரண பல்பு ஹோல்டர் எட்டிப் பார்த்தால், ஒன்று நகல், இல்லாவிட்டால் யாரோ உள்ளே கைவைத்த அசல்.

வயரையும் பாருங்கள். அந்தக் காலத்து வயருக்குப் பருத்தி நூல் பின்னிய உறை. வழவழப்பான பிளாஸ்டிக் உறை பின்னாள் வேலை. பெயின்ட்டைச் சுரண்டும் முன் விளக்கைக் கழற்றி, அது உட்கார்ந்திருந்த இடத்தில் படிந்த நிழலோடு அதன் அடிப்பாகத்தைப் பொருத்திப் பாருங்கள். இரண்டும் பொருந்தாமல், பக்கத்தில் அடைத்த பழைய துளையும் இருந்தால், அசல் விளக்கு வேறு வடிவத்தில் இருந்திருக்கிறது.