மரவள்ளி மாவுப்பூச்சியை அடக்கும் குட்டிக் குளவி

சேலம், நாமக்கல் வட்டாரத்தில் குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளி போட்டவர்களுக்கு இந்தக் காட்சி பழக்கம். கொழுந்து விரியாமல் சுருண்டு கொத்தாக நிற்கும். கணுக்கள் நெருங்கித் தண்டு கோணிக்கொள்ளும். சுருண்ட இலையைப் பிரித்தால் உள்ளே வெள்ளையாக அப்பிக் கிடக்கும் மாவுப்பூச்சி. சாற்றை உறிஞ்சும்போது அது செலுத்தும் உமிழ்நீர்தான் நுனியை இப்படிக் குலைக்கிறது.

தென் அமெரிக்காவைச் சேர்ந்த இந்தப் பூச்சி இந்தியாவில் முதலில் தென்பட்டது 2020-ல், கேரளத்தின் திருச்சூரில். அங்கிருந்து தமிழ்நாட்டு மரவள்ளிக் காடுகளுக்குப் பரவ அதிக நாள் ஆகவில்லை. இதற்கு ஆண் துணையே தேவையில்லை. பெண் தனியாகவே முட்டையிடும், பொரிவதெல்லாம் பெண்ணே. விதைக்குச்சியில் ஒட்டி வரும் ஒரே ஒரு பூச்சி போதும், புதுக் காட்டில் குடியேறிவிடும்.

மருந்தடித்தால் போகாதா? உடம்பை மூடிய மெழுகுப் பூச்சும் சுருண்ட இலையும் மருந்தைப் பெருமளவு தடுத்துவிடுகின்றன. மருந்துக்கு முதலில் பலியாவது பொறிவண்டு போன்ற நன்மை செய்யும் பூச்சிகள்தான்.

ஆப்பிரிக்கா இதே பூச்சியிடம் 1970-களிலிருந்து பட்ட பாடு பெரிது. சில இடங்களில் விளைச்சலில் 80 சதவீதம் வரை போனது. பூச்சியின் தாயகத்தில் அதை அடக்கி வைத்திருக்கும் எதிரி எது என்று தேடினார்கள். தென் அமெரிக்காவின் வடபகுதியில் கிடைத்தது பார்க்க ஒரே மாதிரி இருந்த வேறொரு மாவுப்பூச்சி. அதன் எதிரிகளைக் கொண்டுவந்து விட்டும் பலனில்லை. பூச்சியின் இனத்தைச் சரியாக அடையாளம் காண்பது எவ்வளவு முக்கியம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். 1981-ல் பராகுவேயில் சரியான பூச்சி அகப்பட்டது. கூடவே அனகைரஸ் லோபெசி என்ற குளவியும். அதை ஆப்பிரிக்கா முழுவதும் பரப்பிய திட்டத்தை நடத்திய ஹான்ஸ் ஹெரன் 1995-ல் உலக உணவுப் பரிசு பெற்றார்.

இரண்டு மில்லிமீட்டர்கூட இல்லாத இந்தக் குளவி மனிதரைக் கொட்டாது. பூச்சி தாக்கிய செடியின் வாசனையைப் பிடித்து வந்து, மாவுப்பூச்சியைத் தன் உணர்கொம்பால் தட்டிப் பார்க்கும். பிறகு அதன் உடலுக்குள் முட்டையிடும். பெரிய பூச்சி என்றால் பெரும்பாலும் பெண் முட்டை, சிறியதென்றால் ஆண் முட்டை. மிகச் சிறிய பூச்சிகளைக் குத்தி, கசியும் நீரைக் குடித்தும் விடும். உள்ளே பொரித்த புழு மாவுப்பூச்சியைத் தின்றே வளரும். பூச்சி பழுப்பாகி உப்பி, ஓடாக இறுகும். இரண்டு மூன்று வாரத்தில் அந்த ஓட்டில் வட்டமாகத் துளை போட்டு அடுத்த தலைமுறைக் குளவி வெளியே பறக்கும்.

பெங்களூருவில் உள்ள தேசிய வேளாண் பூச்சி வள ஆராய்ச்சி நிறுவனம் 2021-ல் ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து இந்தக் குளவியை வரவழைத்தது. உடனே வெளியே விட்டுவிடவில்லை. தனிமைக் கூடத்தில் வளர்த்து, நமக்கு வேண்டிய பூச்சிகளைத் தொடாது என்று உறுதி செய்த பிறகே 2022 மார்ச்சில் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூர் மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தில் விட்டார்கள். 2008-ல் கோவையில் தலைகாட்டிய பப்பாளி மாவுப்பூச்சியையும் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வந்த ஒரு குளவிதான் அடக்கியது.

குளவி விட்ட காட்டில் வீரியமான பூச்சிக்கொல்லி அடித்தால் அத்தனை உழைப்பும் வீண். பூச்சி இல்லாத காட்டிலிருந்து விதைக்குச்சி எடுங்கள். தெளிப்பானைத் தூக்கும் முன், நாலைந்து கொழுந்துகளைக் கைலென்ஸ் வைத்துப் பாருங்கள். துளையிட்ட பழுப்பு ஓடுகள் தெரிந்தால் குளவி வேலையைத் தொடங்கிவிட்டது, மருந்தை நிறுத்திவையுங்கள்.