கதாபாத்திரமா, கதைமாந்தரா?

சோறு வடிக்கும் பாத்திரமும் கதையில் வரும் பாத்திரமும் ஒரே சொல்தான். வடமொழியில் ‘பா’ என்பதற்குக் குடித்தல் என்று ஒரு பொருள். குடிக்க உதவும் கலம் பாத்திரம். அந்தப் பொருளிலேயே தமிழுக்குள் பழங்காலத்தில் வந்துவிட்டது. மணிமேகலைக்கு அமுதசுரபி கிடைக்கும் பகுதியின் பெயரே ‘பாத்திரம் பெற்ற காதை’. பிறகு, ஒன்றைப் பெறத் தகுதியுள்ள ஆள் என்ற பொருளும் கிளைத்தது. ‘அன்புக்குப் பாத்திரமானவர்’ என்கிறோம். ‘பாத்திரம் அறிந்து பிச்சை இடு’ என்கிறோம். நாடகத்தில் வேடம் ஏற்பவரையும் வடமொழியார் இச்சொல்லால் அழைத்தார்கள். அதனோடு கதை சேர்ந்து ‘கதாபாத்திரம்’.

தமிழில் கதைமாந்தர். ‘வெள்ளத் தனைய மலர்நீட்டம் மாந்தர்தம் உள்ளத் தனையது உயர்வு’ என்று வள்ளுவர் ஆண்ட சொல். ஒருவரைக் குறிக்க ‘கதைமாந்தர் ஒருவர்’ என்று எழுதினால் போதும்.

வரலாற்றுப் புதினத்துக்கு இந்த ஒரு சொல் போதாது. ‘பொன்னியின் செல்வன்’ படித்தவர்கள் நந்தினி எந்த ஊர் இளவரசி என்று தேடுவதைப் பார்க்கிறேன். நந்தினிக்குக் கல்வெட்டு கிடையாது, பூங்குழலிக்கும் கிடையாது. இவர்கள் புனைமாந்தர். இராசராசன், குந்தவை போன்றோர் வரலாற்று மாந்தர். புனைதல் என்றால் பொய் சொல்லுதல் என்று யாரும் குறைத்து எண்ண வேண்டாம். மாலை தொடுப்பதும் அணி செய்வதும் புனைதல்தான். தொல்காப்பியர் ‘நாடக வழக்கினும் உலகியல் வழக்கினும்’ என்று புனைவையும் உலக நடப்பையும் சேர்த்தே சொல்கிறார். அகப்பாடலுக்குச் சொன்னதுதான், ஆனாலும் இங்கும் அழகாகப் பொருந்துகிறது.

சிக்கல் வருவது இரண்டுக்கும் நடுவில் நிற்பவர்களிடம். வந்தியத்தேவன் உண்மையில் இருந்தவர். ஆனால் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் அவர் பெயர் வருவது, குந்தவையை ‘வல்லவரையர் வந்தியதேவர் மஹாதேவியார்’, அதாவது அவர் மனைவி, என்று சொல்லும் இடத்தில். குதிரை, குறும்பு, ஓலை சுமந்த பயணம் எல்லாம் கல்கி கொடுத்தவை. இத்தகையவரைப் ‘புனைவேற்ற வரலாற்று மாந்தர்’ என்று நான் எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான், ஆனால் தெளிவாக இருக்கிறது.

ரவிதாசனைப் பாருங்கள். நாவலில் அவன் மந்திரவாதி, பாண்டியனுக்காகச் சதி செய்பவன். காட்டுமன்னார்கோயில் பக்கத்து உடையார்குடிக் கல்வெட்டோ, சோழ இளவரசன் ஆதித்த கரிகாலனைக் கொன்று துரோகிகளானவர்கள் என்று சோமன், பரமேஸ்வரன் ஆகியோருடன் அவனையும் சொல்கிறது. அதில் ரவிதாசனுக்குப் ‘பஞ்சவன் பிரமாதிராசன்’ என்றும் பரமேஸ்வரனுக்கு ‘இருமுடிச்சோழ பிரமாதிராசன்’ என்றும் பட்டங்கள் இருக்கின்றன. பிரமாதிராசன் என்பது அந்தண அதிகாரிகளுக்கு அரசன் அளிக்கும் பட்டம். காட்டில் மந்திரம் ஓதிக்கொண்டிருந்த ரவிதாசனை அந்தக் கல்வெட்டில் காண முடியாது.