ரீகாயில் பேட் மாட்டும் முன் கட்டையை அளந்து பாருங்கள்

பழுதுக்கு வரும் 12 போர் (bore) இரட்டைக் குழல் துப்பாக்கிகளில் சிலவற்றின் கட்டை நுனியில், அதாவது தோளில் வைக்கும் மரப்பகுதியின் கடைசியில், உதையைத் தாங்கும் ரீகாயில் பேடாகத் தடித்த ரப்பர் ஒட்டியிருக்கும். தோள்வலி தாங்காமல் வீட்டிலேயே செய்த வேலை. வலி குறைந்ததா என்று கேட்டால், அதிகமாகிவிட்டது என்பார்கள்.

டிரிக்கரிலிருந்து கட்டையின் கடைசிவரை பெரும்பாலும் 14 அங்குலத்தை ஒட்டி இருக்கும். அதன்மேல் ஓர் அங்குல பேடை அப்படியே வைத்தால் 15 ஆகிவிடும். தூக்கும்போது கட்டை சட்டையில் சிக்கும். காறை எலும்புக்குக் கீழுள்ள குழியில் உட்காராமல் புஜத்தில் போய் நிற்கும். உதை முழுக்க அங்கேதான் இறங்கும். 28 கிராம் ரவை (தோட்டாவிலுள்ள சிறு குண்டுகள்) நொடிக்கு 400 மீட்டர் வேகத்தில் முன்னே பாய்ந்தால், 3 கிலோ துப்பாக்கி நொடிக்குச் சுமார் 4 மீட்டர் வேகத்தில் பின்னே வரும். எந்தப் பேடும் அதை இல்லாமல் ஆக்காது. உதையைக் கொஞ்சம் நேரம் நீட்டிப் பரந்த இடத்தில் வாங்கிக்கொள்ளும், அவ்வளவுதான்.

ஆகவே பேடின் தடிமன் எவ்வளவோ அவ்வளவு மரத்தை அறுத்தாக வேண்டும். அதற்கு முன் துப்பாக்கியைத் திறந்து, குழல்களில் தோட்டா உட்காரும் இரண்டு துளையிலும் விரல் விட்டுப் பாருங்கள். தோட்டாப் பெட்டி வேறு அறையில் இருக்கட்டும். முன்கட்டையையும் குழலையும் கழற்றி வைத்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

அறுக்கும் இடத்தில் மாஸ்கிங் டேப் சுற்றி, அதன்மேல் கோடு போட்டு, நுண்பல் ரம்பத்தால் அறுத்தால் விளிம்பு பிசிறாது. பழைய நுனியின் சரிவு மாறவே கூடாது. கீழ்முனை நீண்டுபோனால் மார்பில் குத்தும். பழைய ஆணித் துளைகளைக் கெட்டி மரக்குச்சியும் ஃபெவிகாலும் வைத்து அடைத்து, புதிய துளையை மெல்லிய டிரில்லால் போடுங்கள். நேரடியாக ஸ்க்ரூவை முறுக்கினால் மரம் பிளக்கும்.

பொறுமை வேண்டியது அடுத்த கட்டத்தில். பேடை மாட்டி, கட்டையின் விளிம்பை ஒட்டி அதன் அடித்தட்டில் ஊசியால் கோடு கீறுங்கள். கழற்றிய பிறகே சாண்டரில் கோடுவரை தேயுங்கள். மாட்டியபடி தேய்த்து, தாத்தா காலத்து வால்நட் கட்டையின் பாலிஷைப் பறிகொடுத்தவர்களைப் பார்க்கும்போது மனசு வலிக்கிறது. ரப்பர்த் தூசி நுரையீரலுக்கு ஆகாது; முகக்கவசம் போட்டு வெளியில் உட்கார்ந்து தேயுங்கள். ஸ்க்ரூ போகும் இடத்தில் பேடின் முகத்தில் கத்தி நுனியால் சின்னக் கீறல் போட்டு, உருண்டைத் தண்டுள்ள ஸ்டார் திருப்புளியில் வாசலின் தடவி நுழைத்தால் ரப்பர் கிழியாது. வெளியே எடுத்ததும் கீறல் மூடிக்கொள்ளும். பசை போட்டு ஒட்டிவிடாதீர்கள். பல துப்பாக்கிகளில் கட்டையை இறுக்கிப் பிடிக்கும் போல்ட் பேடுக்குப் பின்னால்தான் இருக்கிறது. நாளை அது தளர்ந்தால் பேடைக் கிழித்துத்தான் எடுக்க வேண்டியிருக்கும்.

கட்டையை அறுப்பது வேறு, குழலை அறுப்பது வேறு. 1959 ஆயுதச் சட்டத்தின் 6-ஆம் பிரிவுப்படி, தனி உரிமம் இல்லாமல் குழலைக் குறைப்பது குற்றம்.

பயிர்க் காவலுக்கு எப்போதோ ஒரு முறை சுடுபவருக்கு இந்த வேலையே தேவையில்லை. கட்டையைத் தோள்குழியில் அழுத்திப் பிடித்தாலே போதும். ஒலிம்பிக் டிராப் (பறக்கும் தட்டுகளைச் சுடும் போட்டி) தகுதிச்சுற்றில் 125 இலக்குகள், ஒவ்வொன்றுக்கும் இரண்டு தோட்டாவரை சுடலாம். அப்படிப் பயிற்சி எடுப்பவருக்கு நல்ல பேட் கட்டாயம். மரத்தை அறுக்க மனமில்லாதவர்கள் உறைபோல் மாட்டும் பேடை வாங்குகிறார்கள். அதுவும் நீளத்தைக் கூட்டும் என்பதால், கட்டை குட்டையாகப்படும் நீண்ட கைக்காரர்களுக்குத்தான் சரிப்படும்.