ஒயின் பீப்பாய்ல முடிச்ச ரை விஸ்கி: கூடுதல் காசு எங்க போகுது, நாக்குல எப்படி பிடிக்கிறது

ஓசூர்ல வேலை விஷயமா அமெரிக்கா போய்ட்டு வர்றவங்க நிறைய பேர் இருக்காங்க, வரும்போது கஸ்டம்ஸ்ல விடுற 2 லிட்டருக்குள்ள ஒரு பாட்டில் பெட்டிக்குள்ள வந்துடும், இப்பல்லாம் அது போர்ட் பீப்பாய்ல முடிச்சது, சாட்டர்ன் பீப்பாய்ல முடிச்சதுன்னு லேபிள்ல போட்ட ரை விஸ்கியா இருக்கு. போர்ட், சாட்டர்ன் ரெண்டும் ஒயின் வகை, முடிக்கிறதுன்னா ஊறின விஸ்கியைக் கடைசியா அந்த ஒயின் இருந்த பீப்பாய்ல கொஞ்ச நாள் வைக்கிறது. அதே கம்பெனியோட சாதா ரையை விட விலை நல்லாவே கூட. அந்தக் கூடுதல் காசுக்கு உள்ள என்ன இருக்குன்னு புரிஞ்சுக்கணும்னா முதல்ல ரையைப் புரிஞ்சுக்கணும்.

ரை குளிர் தேசத்து தானியம், நம்ம தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் விளையுற ராகி வேற. அமெரிக்க சட்டப்படி ரை விஸ்கின்னா தானியத்துல 51 சதவீதமாவது ரை இருக்கணும், 80 சதவீத ஆல்கஹாலுக்கு மேல வடிக்கக் கூடாது, உள்பக்கம் கருக்கின புது ஓக் பீப்பாய்ல 62.5 சதவீதத்துக்கு மேல போகாம ஊத்தணும், லேபிள்ல ஸ்ட்ரெய்ட்னு போடணும்னா குறைஞ்சது 2 வருஷம் ஊறணும். இண்டியானா மாநிலத்துல லாரன்ஸ்பர்க்னு ஒரு ஊர், அங்க 95 சதவீதம் ரை, 5 சதவீதம் பார்லி மால்ட் (முளைக்க வச்ச பார்லி) போட்டு வடிக்கிறாங்க, அதை வாங்கி தங்களோட பேர்ல விக்கிற பிராண்டுகள் ஏகப்பட்டது. ரையோட செல் சுவர்ல ஃபெருலிக் ஆசிட் இருக்கு, அது நொதிக்கும்போது உடைஞ்சு கிராம்பு மாதிரி வாசனை தர்ற பொருளா மாறும், ரையோட காரத்துல அதுக்கும் பங்கு உண்டு. அப்புறம் கருக்கின ஓக்ல இருந்து வெனிலா, கேரமல், தேங்காய் வாசனை எல்லாம் சேருது.

இதெல்லாம் முதல் பீப்பாய்லயே முடிஞ்ச வேலை, அதுக்கு அப்புறம்தான் ஒயின் இருந்த பழைய பீப்பாய்க்கு மாத்துறாங்க. புளிக்குழம்பு வச்சு வச்சுப் பழகின மண்சட்டி எப்படி குழம்பை உள்ள இழுத்து வச்சிருக்குமோ அப்படித்தான் அந்த மரமும், பலகைக்குள்ள லிட்டர் கணக்குல ஒயின் ஊறி நிக்கும். 50 சதவீதத்துக்கு மேல ஆல்கஹால் இருக்கிற விஸ்கி உள்ள வந்ததும் அந்த ஒயினோட சர்க்கரை, அமிலம், நிறம், துவர்ப்பு எல்லாத்தையும் வெளிய இழுக்குது. ஆரம்பத்துல இந்த இழுப்பு வேகமா நடக்கும், உள்ளயும் வெளியயும் அளவு சமமாக ஆக மெதுவாகிடும், அதனாலதான் பெரும்பாலும் சில மாசத்துலயே வெளிய எடுத்துடறாங்க, ரொம்ப விட்டா ஒயின் ரையை முழுங்கிடும்.

எந்த ஒயின்ங்கிறதும் முக்கியம். போர்ட்ல பாதி நொதிக்கும்போதே திராட்சை ஸ்பிரிட் ஊத்தி நிறுத்திடுவாங்க, அதனால இனிப்பு மிச்சம் இருக்கும், ஆல்கஹால் 20 சதவீதம் பக்கம். சாட்டர்ன் பிரான்ஸ்ல போர்டோ பக்கத்து வெள்ளை ஒயின், ஒரு வகை பூஞ்சை பிடிச்சு சுருங்கின திராட்சையில செய்றது, தேன், ஆப்ரிகாட் வாசனை வரும். மடீரா சூடு காட்டி முதிர வைக்கிற ஒயின், வறுத்த பருப்பு வாசனை இருக்கும். சாதா சிவப்பு ஒயின் பீப்பாய்ல இனிப்பு கம்மி, துவர்ப்புதான் தூக்கலா நிக்கும். விசில்பிக் கம்பெனி தன்னோட 12 வருஷ ரைல மடீரா, சாட்டர்ன், போர்ட் மூணையும் கலந்து பயன்படுத்துது.

இப்போ குடிச்சுப் பார்க்கிற விஷயம். வாய் குறுகின கிளாஸ்ல 20 மில்லி போதும், ஐஸ் வேண்டாம், குளிர்ந்தா வாசனை எழும்பாது. 10 நிமிஷம் சும்மா விட்டுட்டு வாயை லேசா திறந்து மோந்து பாருங்க. பழ வாசனைதான் முதல்ல வரும், அதுல ஏமாறாதீங்க, நான் தேடச் சொல்றது அதுக்குக் கீழ இருக்கிற ரையை. கிராம்பு, மிளகு, சோம்பு, பச்சைப் புல் வாசனை ஏதாவது தெரியுதான்னு பாருங்க. அப்புறம் சில சொட்டு தண்ணி விடுங்க. 2017ல ஸ்வீடன் லின்னேயஸ் பல்கலைக்கழகத்துல பியோர்ன் கார்ல்சன், ரான் ஃப்ரீட்மன் ரெண்டு பேரும் கம்ப்யூட்டர் மாடல்ல பார்த்தாங்க, குவையகால்ங்கிற புகை வாசனைப் பொருள் 45 சதவீதம் வரைக்கும் உள்ள ஆல்கஹால்ல திரவத்தோட மேல்பரப்புலயே அதிகம் இருக்கு, 59 சதவீதத்தைத் தாண்டினா உள்ள போய் ஒளிஞ்சுக்குது. அதனால ஸ்ட்ராங்கான பாட்டிலுக்குத் தண்ணி கண்டிப்பா வேணும், 43 சதவீதத்துல வர்றதுக்கு அவ்வளவு அவசியம் இல்ல.

தண்ணி விட்டதும் ரை மேல வந்தா நல்ல விஸ்கி. பழ ஜூஸ் மாதிரி இனிப்பு மட்டும் நின்னு, முழுங்கினதும் நாக்கு நாவல்பழம் தின்ன மாதிரி இழுத்துக்கிட்டு அதோட காலியாகிடுச்சுன்னா, இளசான விஸ்கியை ஒயின் வச்சு மூடியிருக்க வாய்ப்பு அதிகம். என் கணக்கு எப்பவும் இதுதான், காசு குடுக்கிறது முதல் பீப்பாய்க்கு, ரெண்டாவது பீப்பாய்க்குக் கொஞ்சமாத்தான் சேர்த்துக் குடுக்கலாம். லேபிள்ல வயசு, ரை சதவீதம், ஆல்கஹால் சதவீதம் மூணும் தெளிவா இருக்கணும், எத்தனை மாசம் முடிச்சாங்கன்னும் போட்டிருந்தா ரொம்ப நல்லது. முடிஞ்சா அதே கம்பெனியோட முடிக்காத ரையைப் பக்கத்துல வச்சுக் குடிச்சுப் பாருங்க, ரெண்டு கிளாஸ் சொல்ற பதிலை எந்த லேபிளும் சொல்லாது.

வயசை மட்டும் ஊரைப் பார்த்துதான் எடை போடணும். பெங்களூர்ல விஸ்கி வடிக்கிற அம்ருத் கம்பெனி மாதிரி இடத்துல வெயிலுக்கு வருஷம் 10 சதவீதத்துக்கு மேலயே பீப்பாய்ல இருந்து ஆவியாப் போகுது, ஸ்காட்லாந்துல 2 சதவீதம்தான், அதனால இங்க 5 வருஷம் ஊறினதை அங்க 5 வருஷத்தோட ஒப்பிட முடியாது. அம்ருத் முழுக்க ரை மால்ட்லயே ஒரு விஸ்கி வெளியிட்டிருக்கு, போர்ட் பீப்பாய்ல ஊறின போர்ட்டோனோவாவும் அவங்களோடதுதான், ரெண்டையும் தனித்தனியா குடிச்சுப் பழகினா ரை எது, போர்ட் எதுன்னு மூக்குக்குத் தெரிஞ்சுடும்.

இங்க கடையில வாங்குறதா இருந்தா வரியையும் சேர்த்துப் பாருங்க, பாட்டில்ல வர்ற வெளிநாட்டு விஸ்கிக்கு 150 சதவீத சுங்க வரி ரொம்ப வருஷமா இருந்தது, 2025 பிப்ரவரில 100 ஆ குறைச்சது போர்பனுக்குத்தான் (பெரும்பாலும் மக்காச்சோளத்துல செய்ற அமெரிக்க விஸ்கி). அதனால அமெரிக்கால என்ன விலைக்கு விக்குதுன்னு முதல்ல பார்த்துட்டு, அந்த விலைக்கு அங்க முடிக்காத ரை எந்த வயசுல கிடைக்குதுன்னு தேடுங்க. 10 வருஷ ரை கிடைக்கிற காசுக்கு வயசே போடாத ஒயின் பீப்பாய் பாட்டில்னா நான் வாங்க மாட்டேன்.