மாமாவின் ஈசிஜியை இரண்டு டாக்டர்கள் படித்த விதம்

பாம்பனில் ஒரு விடியற்காலை, வலையைத் தூக்கிக்கொண்டிருந்த மாமா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். மருத்துவமனையிலும் "வாயு மாதிரிதான் இருக்கு டாக்டர்" என்றே சொன்னார். இளம் டாக்டர் ஈசிஜி தாளை முறையாகப் படித்தார். துடிப்பைக் கணக்கிட்டார், சின்னக் கட்டம் ஒன்று 0.04 நொடி என்று எண்ணினார், பெரிதாக ஒன்றும் தெரியவில்லை என்றார். அப்போதுதான் உள்ளே வந்த மூத்த டாக்டர் தாளை வாங்கிய சில நொடிகளில் ஓர் இடத்தில் விரலை வைத்தார். "ஏவிஎல்லைப் பாருங்க."

விஷயம் இதுதான். உடம்பில் ஒட்டுவது 10 வயர், தாளில் வருவது 12 கோணம். இதயத்தின் அடிச்சுவரை 'இரண்டு', 'மூன்று', 'ஏவிஎஃப்' என்று பெயர் கொண்ட மூன்று கோணங்களும் கீழிருந்து பார்க்கின்றன. ஏவிஎல் இடது தோள் பக்கமிருந்து பார்க்கிறது. அடிச்சுவருக்குப் போகும் ரத்தக்குழாய் அடைபட்டால் அந்த மூன்றிலும் கோடு மேலெழும், எதிர்ப்பக்கமான ஏவிஎல்லில் தாழும். சில பேருக்கு இந்தத் தாழ்வுதான் முதலில் கண்ணில் படும். அனுபவசாலி எல்லாக் கோட்டையும் ஒரே அளவு பார்ப்பதில்லை, முழுத்தாளையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு உறுத்துகிற இடத்தில் நின்றுவிடுகிறார். தென்கடலில் தண்ணீரின் நிறம் மாறும் இடத்தில் மாமாவின் கண் நிற்பதும் இப்படித்தான்.

ஆனால் கண் மட்டும் படிப்பதில்லை, காதும் சேர்ந்தே படிக்கிறது. நோயாளியைப் பற்றித் தவறான குறிப்பு கொடுத்து ஈசிஜியைப் படிக்கச் சொன்ன ஆய்வில் இதய நிபுணர்களும் சறுக்கினார்கள், பயிற்சி டாக்டர்கள் இன்னும் அதிகமாக. இளம் டாக்டர் 'வாயு' என்ற சொல்லைக் கேட்டுவிட்டுத்தான் தாளைத் தொட்டார், அதனால் அவரை நான் குறை சொல்ல மாட்டேன். நாம்தான் நோய்க்குப் பெயர் வைக்காமல் எங்கே வலி, எப்போதிருந்து, வியர்த்ததா, கைக்கும் தாடைக்கும் பரவியதா என்று சொல்ல வேண்டும்.

கால் மணி நேரம் கழித்து எடுத்த ஈசிஜியில் ஏற்றம் எனக்கே தெரிந்தது.

பழைய ஈசிஜி இருந்தால் கட்டாயம் கொண்டுபோங்கள். நல்ல இதயம் உள்ள சில இளைஞர்களுக்கே கோடு கொஞ்சம் உயர்ந்துதான் இருக்கும், எது புதுசு என்பதைப் பழைய தாள்தான் காட்டும். அது பெரும்பாலும் சூட்டில் பதியும் தாள், நாளாக நாளாக மங்கும், லேமினேட் செய்தால் கறுத்துவிடும். அன்றைக்கே ஜெராக்ஸ் எடுத்து வைத்துவிடுங்கள்.