பிள்ளை சாப்பாட்டைக் குறைக்கத் தொடங்கும்போது

பிள்ளைக்கு உணவுக் கோளாறு, அதாவது சாப்பிடும் விதமே நோயாக மாறும் மனநலப் பிரச்சினை, என்று தெரிந்ததும் பெற்றோர் என்னிடம் முதலில் கேட்பது, "இது எதனால வந்துச்சு டாக்டர்?" என்றுதான். கேட்கும்போதே அம்மாவின் கண் கலங்கிவிடும், தான் அதிகமாகக் கண்டித்துவிட்டோமோ என்று. அப்பா செல்போனைக் காட்டுவார். பாட்டி, கல்யாண வீட்டில் கண்ணு பட்டுவிட்டது என்பார். வளரிளம் பருவத்தினரைப் பார்க்கும் மனநல மருத்துவராக என்னால் சொல்ல முடிந்தது இது: ஒற்றைக் காரணம் கிடையாது. ஆனால் பெரும்பாலான பிள்ளைகளின் கதையில் ஒரு கட்டம் பொதுவாக வருகிறது. உடலுக்கு வேண்டிய சாப்பாடு உள்ளே போகாமல் சில வாரங்கள் கழிந்திருக்கும். அது எதற்காகத் தொடங்கியது என்பது பிள்ளைக்குப் பிள்ளை மாறும். தொடங்கிய பிறகு நடப்பதில் வியக்கத்தக்க ஒற்றுமை இருக்கிறது.

தொடக்கங்கள் பல மாதிரி. மஞ்சள்காமாலைக்குப் பத்தியம் இருந்த பையன், இளைத்த பிறகு நண்பர்கள் பாராட்டியதால் பத்தியத்தை விடவே இல்லை. மாதவிலக்கு சரியில்லை என்று காட்டப்போன பெண்ணிடம், "நீர்க்கட்டி இருக்கு, வெயிட்டைக் குறை" என்று மட்டும் சொல்லி அனுப்பிவிடுகிறார்கள்; எப்படி, எவ்வளவு, யார் மேற்பார்வையில் என்று யாரும் சொல்லவில்லை. அவள் யூடியூபைப் பார்த்து அரிசியை நிறுத்துகிறாள். நீட் பயிற்சிக்காக விடுதியில் தங்கிய மாணவி, படிக்க நேரம் வேண்டும் என்று இரவுச் சாப்பாட்டை விடுகிறாள். (நான் பார்த்த பலரின் கதைகளைக் கலந்தே இவற்றைச் சொல்கிறேன்.) மூன்று பேருமே தாங்கள் நல்லது செய்வதாகத்தான் நினைத்தார்கள்.

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் 14, 15 வயது மாணவர்களை மூன்று ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வு ஒன்று 1999-இல் வெளிவந்தது. கடுமையான டயட் இருந்த பெண்களுக்கு உணவுக் கோளாறு வரும் வாய்ப்பு, டயட்டே இல்லாதவர்களைவிட 18 மடங்கு. மிதமான டயட்டுக்கே 5 மடங்கு. இதனால்தான், வளரும் வயதில் மேற்பார்வை இல்லாத டயட்டை நான் விளையாட்டாக எடுத்துக்கொள்வதில்லை.

பசி மனதை என்ன செய்யும் என்பதற்கு இன்னும் பழைய சான்று இருக்கிறது. இரண்டாம் உலகப் போர் முடியும் தறுவாயில், 1944-45-இல், அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்பவர் ஓர் ஆய்வு நடத்தினார். உடலும் மனமும் நன்றாக இருந்த 36 இளைஞர்கள் தாங்களாக முன்வந்து சுமார் ஆறு மாதம் அரைவயிற்றுச் சாப்பாட்டில் இருந்தார்கள். அவர்களுக்கு எப்போதும் சாப்பாட்டைப் பற்றியே நினைப்பு. சமையல் புத்தகங்களைச் சேகரித்தவர்கள் உண்டு. தட்டில் இருந்ததை மணிக்கணக்காக நீட்டிச் சாப்பிட்டார்கள். எரிச்சலும் சோர்வும் கூடின, நண்பர்களிடமிருந்து விலகினார்கள். மறுபடி தாராளமாகச் சாப்பாடு கொடுத்தபோது சிலர் வயிறு நிறைந்த உணர்வே இல்லாமல் சாப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். இவர்கள் யாருக்கும் அதற்கு முன் உணவுக் கோளாறு இருந்ததில்லை.

"யாரோடயும் பேச மாட்டேங்கிறா, இட்லியைத் துணுக்குத் துணுக்காப் பிக்கிறா, ஆனா எங்களுக்கு விதவிதமா சமைச்சுப் போடுறா" என்று ஒரு அம்மா சொல்லும்போது எனக்கு அந்த இளைஞர்கள்தான் நினைவுக்கு வருவார்கள். வீட்டில் அடம் என்று திட்டு வாங்கும் நடத்தையில் பெரும்பகுதி பட்டினியின் விளைவு. பட்டினி கிடக்கும் மூளைக்குப் புத்திமதி ஏறாது.

சரி, டயட் இருந்த எல்லோருக்கும் ஏன் வருவதில்லை? பிறவியிலேயே சிலருக்கு இதற்கான சாய்வு அதிகம். இரட்டையர்களை வைத்துச் செய்த ஆய்வுகள், அனோரெக்சியா (உடல் மெலிந்த பிறகும் சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டே போகும் உணவுக் கோளாறு) வரும் வாய்ப்பில் ஏறக்குறைய பாதி மரபணு சார்ந்தது என்கின்றன. 2019-இல் மரபணுத் தொகுதியில் அதனோடு தொடர்புடைய எட்டு இடங்களை அடையாளம் கண்டார்கள். அவற்றில் தெரியும் தொடர்பு மனநோய்களோடு நிற்காமல் உடலின் வளர்சிதை மாற்றம்வரை போகிறது. குணமும் சேர்கிறது. நோட்டில் ஓர் அடித்தல் இருந்தால் பக்கத்தையே கிழித்து மறுபடி எழுதும் பிள்ளை, எப்போதும் பதற்றத்தில் இருக்கும் பிள்ளை, செய்ததையே திரும்பத் திரும்பச் செய்யும் பிள்ளை. இந்தக் கட்டுப்பாடு படிப்பில் பரிசு வாங்கித் தரும். உணவின் பக்கம் திரும்பினால் அதே குணம் பிள்ளையை வதைக்கும்.

வயதும் முக்கியம். நம் வீடுகளில் பெண் வயதுக்கு வந்ததும் உளுந்தங்களி, நல்லெண்ணெய், நாட்டுக்கோழி முட்டை என்று ஊட்டுகிறார்கள். இரண்டு வருடம் கழித்து அதே உறவுகள் "என்னடி, பூசுன மாதிரி ஆயிட்ட?" என்கிறார்கள். பூப்பின்போது உடலில் கொழுப்பு சேர்வது இயற்கை, அது வளர்ச்சிக்குத் தேவை. அதைப் பிள்ளைக்கு எடுத்துச் சொல்ல ஆள் இல்லை, கேலி செய்ய மட்டும் ஆள் இருக்கிறது. வகுப்பில் வைக்கும் பட்டப்பெயரும் அத்தை சொல்லும் ஒரு வார்த்தையும் பிள்ளைகள் மனதில் வருடக்கணக்கில் தங்குகின்றன. என்னிடம் அதைச் சொல்லும்போது எந்த விசேஷத்தில், யார் முன்னால் என்று இடம் முதற்கொண்டு சொல்கிறார்கள்.

திரையும் காரணங்களில் ஒன்றுதான். ஃபிஜி தீவுகளின் நாட்ரோகா பகுதிக்கு 1995-இல்தான் டிவி வந்தது. பருமனான உடலை மதித்த ஊர் அது. ஆன் பெக்கர் என்ற ஆய்வாளர் அந்த ஆண்டும், பிறகு 1998-இலும் அங்குள்ள பள்ளி மாணவிகளைக் கேட்டறிந்தார். கவலைக்குரிய உணவு மனப்பான்மை கொண்டவர்கள் 12.7 சதவீதத்திலிருந்து 29.2 ஆனார்கள். இன்றைய செல்போன், பிள்ளை எதில் நின்று பார்க்கிறதோ அதையே மேலும் மேலும் கொண்டுவந்து காட்டுகிறது.

ஆனால் எடை பயத்தை மட்டும் தேடினால் நம் ஊர்ப் பிள்ளைகள் பலரைத் தவறவிடுவோம். "குண்டாகிடுவேன்" என்று அவர்கள் சொல்வதில்லை. வயிறு உப்புசம், நெஞ்சை அடைக்கிறது, சாப்பிட்டதும் குமட்டல் என்பார்கள். குடலேற்றம் என்று தட்டிவிட்டு, அப்புறம் வயிற்று டாக்டர், எண்டோஸ்கோப்பி என்று சுற்றி, பாதி உடம்பாகி என்னிடம் வருகிறார்கள். ஹாங்காங்கில் மருத்துவர் சிங் லீ 1990-களிலேயே எடை பயம் இல்லாத அனோரெக்சியாவைப் பற்றி எழுதினார். வேலூர் சிஎம்சி மருத்துவர்கள் 2007-இல் வெளியிட்ட ஆய்வில், அங்கே சிகிச்சைக்கு வந்த பிள்ளைகளிடம் அதிகம் கண்ட உணவுக் கோளாறு, மன அழுத்தத்தால் வரும் வாந்தி. விரதமும் சில நேரம் மறைப்பாகிவிடுகிறது. சஷ்டிக்கு விரதம் இருப்பது நோய் இல்லை. வீட்டில் வேறு யாரும் கடைப்பிடிக்காத விரதங்கள் கூடிக்கொண்டே போனாலோ, விரதம் முடிந்தும் பிள்ளை சாப்பிடத் தயங்கினாலோ கேட்க வேண்டும்.

பையன்களுக்கும் இது வருகிறது. ஜிம், புரோட்டீன் பவுடர், சதை தெரியவேண்டும் என்ற வெறி என்று வேறு வேடத்தில். தடகளம், நடனம் போல எடை பார்க்கப்படும் துறைகளில் இருப்பவர்களுக்கும், சாப்பாட்டைக் கணக்குப் பார்த்தே வளரும் முதல் வகை சர்க்கரை நோய்ப் பிள்ளைகளுக்கும் ஆபத்து கூடுதல். பாலியல் துன்புறுத்தலுக்கு ஆளான பிள்ளைகளிடமும் இதைப் பார்க்கிறேன். அதனால்தான் ஒவ்வொரு பிள்ளையிடமும் கொஞ்ச நேரம் தனியாகப் பேசுகிறேன். பெற்றோர் அதைத் தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

பெற்றோர்தான் காரணமா என்ற கேள்விக்கு வருகிறேன். 1870-களில் அனோரெக்சியாவுக்குப் பெயர் வைத்த வில்லியம் கல், நோயாளியைக் கவனிக்க உறவினர்களே மிக மோசமானவர்கள் என்று எழுதினார். அந்த எண்ணம் நூறு ஆண்டு நீடித்தது. 1980-களில் லண்டன் மாட்ஸ்லி மருத்துவமனையினர் அதைத் தலைகீழாக்கி, சாப்பிட வைக்கும் பொறுப்பைப் பெற்றோரிடமே கொடுத்தார்கள். வளரிளம் பருவ அனோரெக்சியாவுக்கு இன்று நல்ல சான்றுள்ள சிகிச்சை அதுதான். குற்ற உணர்ச்சியில் ஒடுங்கிய அம்மாவால் தட்டுக்கு முன்னால் உறுதியாக உட்கார முடியாது. அதனால் முதல் நாளே அவர்களிடம் சொல்லிவிடுகிறேன்: இது உங்களால் வந்ததில்லை, ஆனால் நீங்கள் இல்லாமல் சரியாகாது.

எடை எண்களையோ, பிள்ளைகள் சாப்பாட்டை எப்படி மறைக்கிறார்கள் என்பதையோ இங்கே எழுதவில்லை. நோயில் இருக்கும் பிள்ளைகளும் இதைப் படிப்பார்கள், அவை அவர்களுக்குப் பாடமாகிவிடும்.

சந்தேகம் வந்தால் முதலில் பொது மருத்துவரிடமோ குழந்தைகள் மருத்துவரிடமோ காட்டி நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம், இசிஜி, ரத்தத்தில் பொட்டாசியம், பாஸ்பரஸ் பார்க்கச் சொல்லுங்கள். எடை சரியாகத் தெரிந்தாலும் பாருங்கள். சட்டென்று இளைத்த பருமனான பிள்ளைக்கும் இதே ஆபத்து உண்டு. நீண்ட நாள் பட்டினிக்குப் பின் வீட்டில் ஒரேயடியாக ஊட்டிவிடாதீர்கள், ரத்தத்தில் உப்புகளின் அளவு தாறுமாறாகி இதயத்தைப் பாதிக்கலாம். மனநல உதவிக்கு டெலி-மானஸ் எண் 14416. கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம். மயக்கம், நெஞ்சுப் படபடப்பு, ரத்த வாந்தி, உயிரை விடும் பேச்சு, இதில் எது இருந்தாலும் போனில் காத்திருக்காமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு நேராகப் போங்கள்.