பொரிக்காத முட்டையை உடைத்துப் பாருங்கள்

ராமநாதபுரம் மாவட்டத்தில் தேவிபட்டினத்துக்குப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஓர் அக்கா எங்கள் கால்நடை மருந்தகத்துக்கு வந்தார். சிறுவிடைக் கோழிக்கு (சின்ன உடம்பு நாட்டுக்கோழி) 13 முட்டை அடை வைத்திருக்கிறார், 4 குஞ்சுதான் பொரித்திருக்கிறது. "கோழிய கறி வச்சிரலாம்னு இருக்கேன் சார். அதுக்கு ஒழுங்கா உக்காரவே தெரியல."

மிச்சம் 9 முட்டை எங்கே என்று கேட்டேன்.

"அது எதுக்கு சார்? அன்னைக்கே கருவேலக் காட்டுக்குள்ள வீசியாச்சு."

தொண்டியிலிருந்து சாயல்குடி வரை யாரைக் கேட்டாலும் இதே பதில்தான் வருகிறது. பொரிக்காத முட்டை எல்லாம் 'கூமுட்டை', எறிந்துவிட வேண்டியது. கோழி செத்தால் அறுத்துப் பார்க்கிறோம் அல்லவா, அதே மாதிரி முட்டையையும் உடைத்துப் பார்க்க வேண்டும். 21 நாள் போய், இன்னும் ஒரு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, வீட்டுக்கு வெளியே, நாற்றம் முகத்தில் அடிக்காதபடி காற்று வரும் பக்கம் நின்று, பிளாஸ்டிக் பைக்குள் வைத்து உடையுங்கள். அழுகிய முட்டை சில நேரம் வெடிக்கும். நாற்றத்தைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை.

உள்ளே வெறும் மஞ்சளும் வெள்ளையுமாக இருந்தால் பெரும்பாலும் கரு கூடவே இல்லை. அது சேவலின் பக்கத்துக் குறை. ஒரு சேவலுக்கு 8 முதல் 10 பெட்டை போதும். சிலர் பழைய சேவலை விற்றுவிட்டு, புதுச் சேவல் வந்த மறுநாளே முட்டை சேர்க்கத் தொடங்கிவிடுகிறார்கள். பெட்டையின் உடம்புக்குள் விந்து இரண்டு வாரத்துக்கு மேலும் தங்கும். அதனால் முதலில் வரும் குஞ்சுகள் விற்ற சேவலுடையதாகவும் இருக்கலாம். இனத்தைச் சுத்தமாகக் காக்க நினைப்பவர்கள் மூன்று வாரம் பொறுத்துத்தான் முட்டை சேர்க்க வேண்டும். சொந்த வீட்டுச் சேவலையே தலைமுறை தலைமுறையாக விட்டுக்கொண்டிருந்தால் கரு கூடினாலும் பாதியில் சாகும், பொரித்த குஞ்சும் சோம்பியே கிடக்கும். வேறு ஊரிலிருந்து அதே சிறுவிடையில் ஒரு சேவல் மாற்றிக்கொள்ளுங்கள்.

மஞ்சள் கருவின் மேல் ரத்தத்தில் ஒரு வளையம் தெரிந்தால், கரு கூடி, முதல் சில நாளிலேயே செத்திருக்கிறது என்று அர்த்தம். நம் ஊர் வெயிலில் நான் அதிகம் பார்ப்பது இதைத்தான். ஏறத்தாழ 21 டிகிரிக்குக் கீழே இருந்தால்தான் முட்டைக்குள் கரு வளராமல் தூங்கும். இங்கே சித்திரை, வைகாசியில் ராத்திரியிலும் அந்தக் குளிர்ச்சி கிடையாது. அடுக்களை ஓலைப்பெட்டியில் பத்துப் பன்னிரண்டு நாள் கிடக்கும் முட்டை, அரைகுறையாக வளரத் தொடங்கி, நின்று, அடை வைக்கும் முன்னமே பழுதாகிவிடுகிறது. கோழி மேல் பழி போடுவதில் என்ன நியாயம்?

கோழி ஒரு சுற்றுக்கு 12, 15 முட்டை இடும். முதலில் இட்டதையும் கடைசியில் இட்டதையும் சேர்த்து வைத்தால் இந்தச் சிக்கல் வரத்தான் செய்யும். முட்டை மேல் பென்சிலால் தேதி எழுதுங்கள். கூட்டில் அடையாளத்துக்கு ஒன்றை விட்டுவிட்டு மற்றதைத் தினமும் எடுங்கள். அடை வைக்கும்போது கடைசி ஐந்தாறு நாள் முட்டைகளை மட்டும் வையுங்கள், முந்தியதைக் குழந்தைகளுக்கு அவித்துக் கொடுங்கள். வீட்டில் இருப்பதிலேயே குளிர்ச்சியான மூலையில், மண் சட்டியில், கூர்முனை கீழே இருக்கும்படி வைத்தால் போதும். கழுவ வேண்டாம். முட்டை ஓட்டின் மேல் இருக்கும் மெல்லிய பூச்சு போய்விட்டால் கிருமி உள்ளே போக வழி கிடைத்துவிடும்.

மழைக்கால விஷயம் வேறு. இடி இடித்தால் முட்டை கெடும் என்று கூட்டில் இரும்புத் துண்டும் வரமிளகாயும் போடுவார்கள். போடட்டும், கெடுதல் ஒன்றுமில்லை. ஐப்பசி, கார்த்திகையில் பொரிப்பு குறைகிறது என்று பெரியவர்கள் கவனித்தது சரிதான். காரணம் இடியில்லை, ஈரம்.

உச்சிப்புளிப் பக்கம் ஒரு தம்பி இன்குபேட்டர் (முட்டை பொரிக்கும் பெட்டி) வாங்கி, வாடைக்காலத்தில் 50 முட்டை வைத்தார். பெட்டியோடு வந்த தாளில் தண்ணீர்த் தட்டை நிரப்பி வைக்கச் சொல்லியிருந்ததாம், அப்படியே செய்திருக்கிறார். 14 குஞ்சு வந்தது. மிச்சத்தை நான் சொன்னபடி எறியாமல் கொண்டுவந்தார். உடைத்தால் முக்கால்வாசியில் முழுதாக வளர்ந்த குஞ்சு, உடம்பெல்லாம் சளசளவென்று நனைந்து, மூக்குக்குக் கீழே நீர் நின்றது. உள்ளேயே மூச்சு முட்டிச் செத்தவை.

முட்டை 18 நாளில் தன் எடையில் 12, 13 சதவீதம் ஈரத்தை ஓட்டின் துளைகள் வழியாக இழக்க வேண்டும். அந்த இடத்தில் அகன்ற முனையில் காற்றறை பெரிதாகும். குஞ்சு முதல் மூச்சை இழுப்பது அந்த அறையில்தான். வெளியிலேயே ஈரம் நிறைந்திருந்தால் முட்டை காயாது, காற்றறை வளராது. உள்நாட்டு வறண்ட ஊருக்குப் பொருந்தும் கணக்கு கடலோர மண்டபத்துக்கும் பாம்பனுக்கும் அப்படியே பொருந்தாது. அந்தத் தம்பிக்கு நான் சொன்னது இவ்வளவுதான்: உள்ளே விசிறி சுழலும் இன்குபேட்டரில் சூடு 37.5 டிகிரி, அதில் மாற்றமில்லை. தண்ணீருக்குத் தாளைப் பார்க்காமல் தராசைப் பார். பத்து முட்டை 450 கிராம் என்றால் 18ஆம் நாள் 395 கிராம் அளவுக்கு இறங்கியிருக்க வேண்டும். அவ்வளவு இறங்காவிட்டால் தட்டில் தண்ணீரைக் குறை. கடைசி மூன்று நாள்தான் ஈரம் கூட வேண்டும், இல்லாவிட்டால் உள்சவ்வு காய்ந்து குஞ்சைக் கட்டிப்போட்டுவிடும். அந்த மூன்று நாளும் முட்டையைத் திருப்பக் கூடாது, மூடியைத் திறந்து திறந்து பார்க்கவும் கூடாது.

ஓடு கீறியதும் பாவம் பார்த்து உரித்துவிடுகிற கை நம் எல்லோருக்கும் உண்டு. எனக்கும் இருந்தது. கீறலுக்கும் குஞ்சு வெளியே வருவதற்கும் நடுவே 12 மணி நேரம், ஏன் ஒரு நாள்கூட ஆகலாம். அதற்குள் சவ்வில் ரத்தம் ஓடிக்கொண்டிருக்கும். அவசரப்பட்டு உரித்தால் அது வழிந்தே குஞ்சு போய்விடும்.

என்னைக் கேட்டால், பத்துப் பதினைந்து முட்டைக்குச் சிறுவிடைத் தாயை மிஞ்சிய இயந்திரம் கிடையாது. பெருவிடை வளர்ப்பவர்களே, கனத்த தாய் முட்டையை நசுக்கிவிடும் என்று சிறுவிடைக்கு அடியில்தான் வைக்கிறார்கள். தாய்க்குச் செள்ளும் பேனும் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள், கடி தாங்காத கோழி கூட்டை விட்டு எழுந்துபோகும். தினம் ஒருமுறை இரையும் தண்ணீரும் பக்கத்திலேயே கிடைக்கட்டும்.

பொரித்த பிறகு வெள்ளைக்கழிச்சல் (ராணிக்கெட்) நோய்க்கு முதல் வாரத்திலேயே சொட்டு மருந்து போட வேண்டும். 8 வாரத்தில் இறக்கையில் போடும் ஊசி வேறு வகை, வீரியம் கூடியது. அதை "சீக்கிரமே போட்டால் நல்லதுதானே" என்று சின்னக் குஞ்சுக்குப் போட்டு, அதனாலேயே நோய் கண்ட கூண்டைப் பார்த்திருக்கிறேன்.

கடைசியாக உப்பு. நம் போர்த் தண்ணீர் பல இடத்தில் உவர்ப்பு. அதோடு கருவாட்டுத் தலையையும் தூளையும் கழுவாமல் குஞ்சுகளுக்குப் போடுகிறோம். பெரிய கோழி ஓரளவு தாங்கும், குஞ்சின் சிறுநீரகம் தாங்காது. ஓயாமல் தண்ணீர் குடிக்கும், நீராகக் கழியும், வயிறு ஊதிச் சாகும். கழிச்சல் நோய் என்று மருந்து கேட்டு வருகிற வீட்டில் நான் முதலில் தண்ணீர்க் கிண்ணத்தைத்தான் நக்கிப் பார்ப்பேன். தேவிபட்டினத்து அக்கா அதைப் பார்த்துச் சிரித்தார். இப்போது காவிரித் தண்ணீர் வருகிற நாளில் அவர் வீட்டில் ஒரு குடம் குஞ்சுகளுக்கென்று தனியாக நிற்கிறது.